யானைதான் தும்மியது

அக்டோபர் 6, திங்கள்

ஏழரைக்கே மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் இரண்டு பிள்ளைகளாவது வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள்.

உதவிக்கு இருக்கும் மயிலாத்தா இல்லை. தாராபுரத்தில் அவள் மகளுக்குப் பிரசவம், வெள்ளிக்கிழமைதான் வருவாள். ஆகவே இந்த வாரம் ‘பொடிசுகள் இல்லம்’ காப்பகம் முழுவதையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன். ஒன்பது வாய், ஒன்பது மூக்கு, மற்றவை. கடைசிப் பிள்ளைக்குப் பருப்புசாதம் ஊட்டி முடிக்கும்போது முதலில் சாப்பிட்டவனுக்கு மறுபடி பசி வந்துவிடுகிறது.

புதிதாகச் சேர்ந்த ஆதிரைக்கு ஏழு மாதம். எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே பி பிளாக், மூன்றாம் மாடி. அம்மா சங்கமித்ரா வங்கியில் அதிகாரி, அப்பா கௌதமன் ஒரு கம்பெனியில் வடிவமைப்பாளர். பிள்ளை தொட்டிலில் படுக்க மாட்டாள். தோளில் போட்டால் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தூங்குகிறாள். இறக்கினால் விழித்துக்கொள்கிறாள். தோளில் வைத்துக்கொண்டே மற்ற எட்டுப் பேருக்கும் ஊட்டினேன்.

தொண்டையில் கரகரப்பு. மேல் வீட்டில் ராஜதுரை டைல்ஸ் மாற்றுகிறார். அந்தத் தூசி.

அக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து ஏழெட்டுத் தும்மல். டைல்ஸ் தூசி ஜன்னல் வழியாக வருகிறது. இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தேன். வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு துண்டு கட்டிக்கொண்டேன். மகிழன் பயந்து அழுதான், அவனைப் பார்த்து இரட்டையரும் அழுதார்கள். அவிழ்த்துவிட்டேன். தூசிக்காகத்தான் கட்டினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மயிலாத்தா வந்துவிட்டாள். பேரன். மூன்று கிலோ இருநூறு.

வந்ததும் வராததுமாக, “என்னங் டீச்சரம்மா, குரல் இப்பிடிக் கெடக்குது?” என்றாள். தூசி என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மழைக்காக மூடி வைத்திருந்தேன்.

மகிழனுக்கு மூக்கு ஒழுகுகிறது. இதை எழுதுவதில் பொருளில்லை. அவனுக்கு இரண்டே முக்கால் வயது, அதில் இரண்டரை வருடம் மூக்கு ஒழுகியிருக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் நக்கிப் பார்க்கிறான். மரயானை, ஜன்னல் கம்பி, என் புடவைத் தலைப்பு. மேல் வீட்டு ராஜதுரையின் ஒரே பையன்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் கொண்டுவந்து விடும்போதே ஆதிரைக்கு மூக்கடைப்பு. “நேத்துலருந்து லேசா இருக்கு அக்கா” என்று சொல்லிவிட்டு சங்கமித்ரா ஓடினாள். பதினொரு மணிப் பாலில் கால்வாசிகூட உள்ளே போகவில்லை. உறிஞ்சுகிறாள், விடுகிறாள், மூச்சு வாங்குகிறாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்து எழும்பியது. நிமிடத்துக்கு அறுபத்தெட்டு. இரண்டு முறை எண்ணினேன்.

சங்கமித்ராவுக்குப் போன் செய்தேன்.

“நாலு மணிக்கு வந்துடறேன் அக்கா, இங்க மீட்டிங்…”

“மீட்டிங்க விடு. நான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல கிளம்பிட்டேன். நீ நேரா அங்க வந்துடு.”

எட்டுப் பேரையும் மயிலாத்தாவிடம் விட்டுவிட்டுப் போனேன். உள்ளே கொண்டுபோன இரண்டாவது நிமிடம் ஆதிரையின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. அழாத குழந்தையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்டோபர் 15, புதன்

டாக்டர் பர்வீன் நிதானமாகப் பேசுகிறவர். ஆதிரைக்கு வந்திருப்பது பிராங்கியோலைட்டிஸ் என்றார். ஆர்எஸ்வி என்று ஒரு வைரஸ். பெரியவர்களுக்குச் சாதாரணச் சளி, சின்னக் குழந்தைக்கு மட்டும் நுரையீரலின் மிகச் சிறிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்கிறது. அதற்கென்று தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன் கொடுத்து, பால் உள்ளே போகும்படி பார்த்துக்கொண்டு, பொறுத்திருக்க வேண்டும்.

“நாலஞ்சு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். அப்பறம் கொஞ்ச வருஷம் கவனமாப் பாருங்க. இந்த வயசுல இவ்வளவு பலமா வந்த குழந்தைங்களுக்குப் பின்னாடி இழுப்பு வர்றதுக்கும், சிலருக்கு ஆஸ்துமா வர்றதுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.”

டாக்டர் இவ்வளவும் சொன்னதில் சங்கமித்ரா ‘கூடுதல்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

“யாருகிட்டருந்து வந்துச்சு டாக்டர்?”

“மழைக்காலம்மா. ஊரே இருமிட்டு இருக்கு.”

“இல்ல டாக்டர். யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல.”

எனக்கு அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கும் வேலை இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 18, சனி

ஆதிரை வீட்டுக்கு வந்துவிட்டாள். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது; சிலிண்டர் பதிவு செய்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பி பிளாக் மூன்றாம் மாடியில் எல்லா ஜன்னலும் மூடி, இடுக்குகளில் ஈரத்துணி செருகியிருந்தார்கள்.

அக்டோபர் 22, புதன்

சங்கமித்ரா குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறாள். தன் மகளுக்குக் கிருமியைக் கொடுத்தது யார் என்று தெரிந்தாக வேண்டும். சங்கம் இன்று ‘ஒரு நபர் விசாரணைக் குழு’ அமைத்தது. அந்த ஒரு நபர் சி பிளாக் நஞ்சப்பன். ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் விபத்து விசாரணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் தண்ணீர்த் தொட்டி மூடி காணாமல் போனதை நான்கு மாதம் விசாரித்து, அது தொட்டிக்குள்ளேயே கிடப்பதைக் கண்டுபிடித்தார்.

அறிக்கை வரும்வரை பொடிசுகள் இல்லம் மூடியிருக்க வேண்டும்.

அக்டோபர் 25, சனி

கிளப் ஹவுசில் முதல் அமர்வு. டேபிள் டென்னிஸ் மேசையின் வலையைக் கழற்றாமலே இந்தப் பக்கம் நஞ்சப்பன், அந்தப் பக்கம் நாங்கள். சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தார். ஒன்பது ரயில் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். கடைசிப் பெட்டி ஆதிரை. அதைச் சாய்த்து வரைந்திருந்தார்.

“பொரண்டு கெடக்கறது கடைசிப் பொட்டியா இருக்கும் அம்மிணி. ஆனா தப்பு அங்க இருக்காது. முன்னால போய்த் தேடோணும்” என்றார் என்னிடம்.

கிருமி உடம்புக்குள் போய் வெளியே தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஓட்ட நேரம் என்று பெயர் வைத்திருந்தார். பதிமூன்றாம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆறு முதல் பத்துவரை என்று சிவப்பு மையில் வட்டமிட்டார்.

ராஜதுரை மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார். “ஏனுங்க, பெரியவங்களுக்கெல்லாம் சளியே வராதுங்களா?” என்று கேட்டார்.

“விசாரணை வரம்பு ஒம்போது கொழந்தைங்கதானுங்க. வரம்பைத் தாண்டுனா அறிக்கை செல்லாது.”

நான் நஞ்சப்பனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மழைக்காலத்திலும் அந்த அறையில் புழுக்கம்.

அக்டோபர் 28, செவ்வாய்

இரண்டு நாளாக சிசிடிவி பார்க்கிறோம். ஹாலில் உள்ள ஒரு கேமரா, ஐந்து நாள் பதிவு. நஞ்சப்பன் உதவிக்கு இரண்டு ஓய்வூதியர்களை அழைத்து வந்தார். ஒருவர் நக்கல்களை எண்ணினார், மற்றவர் தும்மல்களை. நக்கல் என்ற சொல்லைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

மகிழன்: மரயானையை நாற்பத்தொரு முறை, ஜன்னல் கம்பியைப் பதினேழு முறை, சாதனாவின் காதை ஆறு முறை. இரட்டையரில் யார் சாதனா, யார் ஆராதனா என்பதில் தகராறு வந்து ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு குழந்தை தன் கால் கட்டைவிரலைத் தானே நக்கியது. விவாதத்துக்குப் பிறகு அது சேர்க்கப்படவில்லை.

எட்டாம் தேதி, பதினொன்று இருபது. திரையில் நான் ஆதிரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். இரண்டு முறை தலை குலுங்குகிறது.

“இது வேண்டாம், பெரியவங்க” என்று நஞ்சப்பன் ஓட்டிவிட்டார். படமும் தெளிவாக இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

மகிழன் சாட்சியம் சொன்னான். அவனை டேபிள் டென்னிஸ் மேசைமேல் உட்காரவைத்தார்கள். இல்லாவிட்டால் தலை தெரியவில்லை. அவன் அம்மா தேன்மொழி பக்கத்தில் நின்றாள்.

“தம்பி, நீ தும்முனியா?”

“யானை தும்முச்சு.”

“எந்த யானை?”

“கட்டை யானை.”

“யார் மேல தும்முச்சு?”

மகிழன் யோசித்தான். நஞ்சப்பனை விரலால் காட்டினான். “உம்மேல.”

நஞ்சப்பன் அப்படியே எழுதிக்கொண்டார். மரயானை பாலித்தீன் உறையில் போட்டுச் சீல் வைக்கப்பட்டு முதல் தடயமாகச் சேர்க்கப்பட்டது. மகிழன் அதற்காக முக்கால் மணி நேரம் அழுதான். அழும்போது மூக்கு ஒழுகியது. அதையும் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 3, திங்கள்

வாசலில் தும்மல் பதிவேடு வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிறவர் தும்மினால் பெயர், பிளாக், நேரம், எண்ணிக்கை. வாட்ச்மேன் எழுதுகிறார். ஏ பிளாக் ஐந்தாம் மாடித் தலைமையாசிரியர் அக்டோபர் முதல் வாரத்தில் லிஃப்டில் இருமியதை மூன்று பேர் நினைவுகூர்ந்துவிட்டார்கள். இப்போது அவர் காய்கறிப் பையோடு படியேறுகிறார். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றால், அதையும் யாராவது கதவிடுக்கில் பார்க்கிறார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

பிள்ளைகள் இல்லாவிட்டாலும் மயிலாத்தா வந்து பெருக்குகிறாள். பெருக்கிக்கொண்டே சொன்னாள்:

“நான் ஊர்லருந்து போன் பண்ணப்போ நீங்க பேச முடியாமத்தானுங்க பேசுனீங்க.”

“தூசி மயிலாத்தா.”

“செரிங்க.”

பெருக்கி முடித்து முறத்தை என் முன்னால் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு கிரேயான் துண்டும் ஒரு பட்டாணியும் இருந்தன.

நவம்பர் 8, சனி

அறிக்கை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு பக்கம். ‘தடம் புரளக் காரணமான முதல் பெட்டி: செல்வன் மகிழன், வயது இரண்டே முக்கால்.’ ஆறு மாதம் பொடிசுகள் இல்லத்திலோ, பூங்காவிலோ, லிஃப்டிலோ மற்றக் குழந்தைகளோடு சேரக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் பதினைந்தாம் தேதி சொல்லலாம்.

மாலையில் ஊஞ்சலருகே அறிவிப்பு ஒட்டியாயிற்று. தேன்மொழி அதைப் படித்துவிட்டு, மகிழனை ஊஞ்சலிலிருந்து இறக்கித் தூக்கிக்கொண்டு படியேறினாள். அவன் எதிரே வந்தவர்களிடமெல்லாம், “நான்தான் மொத பொட்டி” என்று சொல்லிக்கொண்டு போனான். அவனுக்கு அதில் பெருமை.

இரவு சாப்பிடவில்லை. பசியில்லை.

நவம்பர் 12, புதன்

டாக்டர் பர்வீனைப் பார்க்கப் போனேன். மகிழனுக்காகத்தான். அறிக்கையைக் கொடுத்தேன். அவர் பெட்டிகளின் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இதை யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுங்க. ரெண்டு வயசுக்குள்ள அனேகமா எல்லாக் குழந்தைக்கும் இந்த வைரஸ் ஒரு தடவையாவது வந்துடும். பெரிய குழந்தைகிட்டருந்து வரலாம், வீட்டுப் பெரியவங்ககிட்டருந்து வரலாம், கடைக்காரர்கிட்டருந்து வரலாம்.”

“அந்த ஆஸ்துமா டாக்டர்? அதுக்கு இதுதான் காரணமா?”

“அதுவே இன்னும் முழுசாத் தெரியலைங்க. வைரஸ் வந்து மூச்சுக்குழாயைக் கெடுத்துடுதா, இல்ல முன்னாடியே மூச்சுக்குழாய் அப்படி அமைஞ்ச குழந்தைங்களைத்தான் வைரஸ் இப்படிப் போட்டு அடிக்குதா, ரெண்டும் சேர்ந்தா… உலகம் பூரா வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க.”

“எங்க அபார்ட்மென்ட்ல பதினேழு நாள்ல கண்டுபிடிச்சுட்டாங்க டாக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. “நம்ம மாதிரிப் பெரியவங்களுக்கு அது தொண்டை கரகரப்பு, நாலு தும்மல். நாம பாட்டுக்கு வேலைக்குப் போயிடறோம்” என்றார். பிறகு, “உங்களுக்கு ஏதாவது இருந்துச்சா அந்த வாரம்?” என்று கேட்டார்.

“எனக்குத் தூசி ஒத்துக்காது டாக்டர்.”

பஸ்ஸில் வரும்போது இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிவிட்டேன். நடந்து வந்தேன்.

நவம்பர் 15, சனி

கிளப் ஹவுஸ் நிறையக் கூட்டம். கையெழுத்துப் போடச் சொல்லி அறிக்கையைத் தேன்மொழியின் முன்னால் வைத்தார்கள். அவள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றாமலே காகிதத்தில் வைத்தாள். நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. ஆனால் டைரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.

“சார், மகிழன் இல்லைங்க. நான்தான்.”

“நீங்க வரம்புல இல்லீங் அம்மிணி.”

“ஆறாம் தேதியிலருந்து எனக்குச் சளி. ஒரே தும்மல். ஆதிரை பூரா நேரமும் என் தோள்லதான் இருந்தா.”

“ஆதாரம்?”

டைரியைக் கொடுத்தேன். நஞ்சப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சபைக்கே கேட்கும்படி படித்தார். தொண்டையில் கரகரப்பு, அந்தத் தூசி. டைல்ஸ் தூசி ஜன்னல் வழியாக வருகிறது. தூசிக்காகத்தான் கட்டினேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எடத்துக்கு எடம் தூசின்னுதான் எழுதியிருக்கு. அன்னன்னிக்கே எழுதுன பதிவு. இப்ப வாய்ல சொல்றதைவிட அன்னிக்கு எழுதுனதுதான் நிக்கும். அம்மிணிக்கு எளகுன மனசு. பையனைக் காப்பாத்தோணும்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறாங்க.”

கூட்டம் உருகிவிட்டது. இரட்டையரின் அப்பா, டீச்சர் மாதிரி ஒருத்தர் கிடைக்கமாட்டார் என்றார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

“சார், டைரியில இருக்கறதுதான் பொய்.”

“டைரில எதுக்குங்க ஒருத்தர் பொய் எழுதோணும்? அதைப் படிக்கப் போறது யாரு?”

டைரியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அப்போது ராஜதுரை கையைத் தூக்கினார். பையனைக் காப்பாற்ற வந்த குரலாகத் தெரியவில்லை. பம்ப்பில் எந்த போல்ட் கழன்றது என்று பார்த்துச் சொல்கிற குரல்.

“ஒரு நிமிஷமுங்க. என்ற ஊட்டு டைல்ஸ் வேலை செப்டம்பர் இருவத்தெட்டோட முடிஞ்சுதுங்க. அன்னிக்கே எல்லாத்துக்கும் கேசரி குடுத்தமே. டீச்சருக்கும் குடுத்தமே.”

கொடுத்தது உண்மைதான். நிறைய முந்திரி போட்டிருந்தார்கள்.

சங்கமித்ரா என்னைப் பார்த்தாள். எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஆறு மணிக்கு சங்கமித்ரா வந்தாள். ஆபீஸ் பை தோளில் இருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள்.

“அன்னிக்கே ஏன் லீவு விடலீங்க அக்கா?”

“ஆகஸ்ட்ல காய்ச்சல்னு ரெண்டு நாள் மூடினேன். ஏழு பேர் போன் பண்ணினாங்க. ஒருத்தர் பிள்ளையை வாசல்ல உட்கார வெச்சுட்டுப் போயிட்டாரு. அதுக்காகன்னு சொல்ல மாட்டேன். மூடியிருக்கணும். மூடலை.”

“தூசின்னு ஏன் சொன்னீங்க?”

“முதல்ல எனக்கே அப்படிச் சொல்லிக்கிட்டேன். அப்பறம் மாத்த முடியல.”

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் சரிதான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள்.

“எனக்கு எட்டு வயசுலருந்து வீசிங் அக்கா. ஜாதகம் எடுத்தப்பவே வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. கல்யாணமாகி நாலு வருஷம். இன்னிக்கும் இன்ஹேலர் அரிசி டப்பாக்குள்ள இருக்கு. அட்மிட் பண்ணினப்போ ஃபாரத்துல கேட்டாங்க, குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா உண்டான்னு. அவரு பக்கத்துல நின்னாரு. இல்லைன்னு எழுதிட்டேன்.”

மூக்கை உறிஞ்சினாள். நான் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் துணியைக் கொடுத்தேன்.

“பிள்ளைக்கு என்கிட்டருந்துதான் வந்துடுச்சோன்னு இருந்துச்சு. யாராவது வேற ஒருத்தர் கெடைச்சாப் போதும்னு இருந்துச்சு அக்கா. மகிழன்னு சொன்னப்ப எனக்கு நல்லாத் தெரியும் அது அவன் இல்லைன்னு. கெடைச்சுட்டான்னுதான் தோணுச்சு.”

அவளை மன்னித்தேன் என்றோ அவள் என்னை மன்னித்தாள் என்றோ எழுத முடியாது. காபி போட்டேன். குடித்தாள்.

“டாக்டர்கிட்ட சொல்லணும்மா.”

“தெரியும். அஞ்சாம் தேதி செக்கப். நீங்களும் வாங்க. நான் முழுங்கிட்டா நீங்க சொல்லிடுங்க.”

நவம்பர் 20, வியாழன்

நஞ்சப்பன் மரயானையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். சீல் பிரிக்கப்படவில்லை; கையெழுத்து வாங்கிக்கொண்டார். பெரிய நாற்காலியில் துணி காய்ந்துகொண்டிருந்ததால் பிள்ளைகளின் முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் காதுவரை வந்தது.

திருத்திய அறிக்கையைக் காட்டினார். ஒரே பக்கம். ‘காரணம் தெரியவில்லை.’

“என் பேரைப் போட்டிருக்கலாமே சார்.”

“வரம்புல இல்லீங்களே” என்றார் வழக்கம்போல. பிறகு, “அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பாத்தேனுங்க. நீங்களா, லிஃப்டா, பஸ்ஸா, யாருக்கும் தெரியாதுன்னுட்டாங்க. நாளைக்கு அந்தக் கொழந்தைக்கு இழுப்பு வந்தாலும் இதனாலதான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. முப்பத்தோரு வருஷத்துல பேரில்லாம ஒரு அறிக்கை குடுத்ததில்லீங் நானு. பேரு இருந்தாத்தானுங்க மறுபடி ரயில் ஓட லைன் தொறப்பாங்க” என்றார்.

“அதுல எத்தனை பேரு நெசம்ங்க சார்?”

அவர் யானையின் உறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“டீ ஆறுதுங்க” என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

நவம்பர் 24, திங்கள்

இல்லம் திறந்தாயிற்று. ஒன்பதில் ஆறு பேர் வந்தார்கள். இரட்டையரை வேறு இடத்தில் சேர்த்துவிட்டார்கள். தலைமையாசிரியர் இன்னும் படியேறுகிறார்; பழகிவிட்டதாம். ராஜதுரை மகிழனைக் கொண்டுவந்து விட்டார். என் வாசல் குழாயில் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, போய் ஸ்பேனர் கொண்டுவந்து இறுக்கிக் கொடுத்தார்.

டிசம்பர் 5, வெள்ளி

செக்கப்புக்கு ஆதிரையோடு நாங்கள் மூன்று பேரும் போனோம். கௌதமன் கார் ஓட்டினார். என்னை ஏன் அழைத்து வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அதிகம் பேசாதவர்.

டாக்டர் பர்வீன் ஆதிரையின் முதுகில் குழாயை வைத்து இடம் இடமாகக் கேட்டார். நெஞ்சு தெளிவாக இருக்கிறது, எடை கூடியிருக்கிறது என்றார். ஃபாரத்தைப் புரட்டினார்.

“ரெண்டு பக்கமும் யாருக்கும் வீசிங் இல்லைன்னு போட்டிருக்கு. சரிதானே?”

சங்கமித்ரா எச்சில் விழுங்கினாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“தப்புங்க டாக்டர். எனக்கு இருக்கு. எட்டு வயசுலருந்து.”

கௌதமன் அவள் பக்கம் திரும்பினார். நான் ஆதிரையின் சாக்ஸை இழுத்துவிட்டேன். அது சரியாகத்தான் இருந்தது.

“இன்ஹேலர் எடுக்கறியா?” என்று கௌதமன் கேட்டார்.

“ம்.”

“எங்க வெச்சிருக்க?”

“அரிசி டப்பால.”

“நான் ஸ்கூட்டர் டிக்கில வெச்சிருக்கேன்” என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

“உங்களுக்கு எப்பலருந்து?” என்று சங்கமித்ரா கேட்டாள்.

“பத்தாவது படிக்கும்போது. பொண்ணு பாக்க வர்றப்போ அப்பா சொல்ல வேண்டாம்னுட்டாரு. சொன்னா உங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு.”

“எந்த டாக்டர்?”

“இங்க பக்கத்துல ராமநாதபுரத்துல, மாடில இருக்காரே. புதன்கிழமை போவேன்.”

“நான் சனிக்கிழமை” என்றாள் அவள்.

டாக்டர் பர்வீன் ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு எழுதினார். அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் திருப்பி எழுதினார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்துப் பேசினார். பெற்றவர்கள் இருவருக்கும் இருப்பதால் வாய்ப்பு இன்னும் கூடும். அதற்காக வந்தே தீரும் என்றும் இல்லை. ஐந்தாறு வயதில்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வீட்டில் புகை கூடாது, ஊதுபத்திகூட வேண்டாம். சளி பிடித்து இழுத்தால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும்.

“அப்பறம் நீங்க ரெண்டு பேரும் மருந்தை ஒளிச்சு வெக்காதீங்க. கை எட்டற எடத்துல வெச்சுக்கோங்க.”

காரில் திரும்பினோம். நான் ஆதிரையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் தூங்கிப்போனாள். லட்சுமி மில் அருகே சிக்னலில் வண்டி நின்றது.

“ஊட்டிக்குப் போனப்போ ராத்திரி ரெண்டு தடவை கீழ போனீங்களே, கார் லாக் பண்ணினமான்னு பாக்க” என்றாள் சங்கமித்ரா.

“நீ பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டுட்டு அரைமணி நேரம் உள்ள இருந்தியே.”

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்தார். சிரிப்பில் இரண்டு பேருக்குமே லேசாக இழுத்தது. அது இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் அழுதாள் என்றும் சொல்லலாம். எனக்கு அவர்கள் முகம் தெரியவில்லை.

அந்த நேரத்தில் ஆதிரை இருமினாள்.

ஒரே ஒரு இருமல். முன்னால் இருந்த இருவரும் திரும்பினார்கள். நான் குனிந்தேன். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவள் வாயை இரண்டு முறை சப்புக்கொட்டிவிட்டு மறுபடி தூங்கினாள். மூச்சு போனது, வந்தது, போனது. விளக்கு பச்சைக்கு மாறிவிட்டது. பின்னால் பஸ்களும் ஆட்டோக்களும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் நகரவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டிருந்தோம்.